மரத்தடிச் சார்டின் ரொட்டி

விடியுமுன் பெரட்டில் பேர் கொடுத்து, நிரை முழுக்க மரம் சீவி முடித்து, மங்குகளில் பால் சொட்டி நிறையும்வரை கிடைக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்து பசியாறியவர்களுக்குத்தான் சார்டின் ரொட்டியின் முழு ருசியும் தெரியும் என்று இன்றும் நம்புகிறேன். சிரம்பானை அடுத்த பாரோய்ப் பக்கத்து எஸ்டேட் லயங்களில் வளர்ந்தவர்கள் யாராக இருந்தாலும் இதைப் படிக்கும்போதே நாக்கில் எலுமிச்சைப் புளிப்பு ஊறும். பள்ளி விடுமுறையில் ஒட்டுப்பால் பொறுக்க அம்மா அப்பாவோடு தோட்டத்துக்குப் போன பிள்ளைகளில் நானும் ஒருவன். கொசுக்கடியும் பால் வாடையும் எனக்குப் பெரிதாகப் பட்டதில்லை. பத்து மணி வாக்கில் அவிழப்போகும் பொட்டலம்தான் கண்ணுக்குள் நிற்கும்.

வாழை இலையில் சுற்றி, அதன் மேல் பழைய 'தமிழ் நேசன்' தாளைச் சுற்றி, சணலால் கட்டியிருப்பார் அம்மா. 1924-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019-இல் நின்றுபோனபோது பலருக்குத் தலையங்கங்கள் நினைவுக்கு வந்திருக்கும். எனக்கு அதோடு சேர்த்து எண்ணெய் ஊறிய அதன் ஓரங்களும் நினைவுக்கு வந்தன.

நல்ல ரொட்டிக்குள் எதை வைக்கிறோம் என்பதைவிட, வைத்தபின் அதை எவ்வளவு நேரம் சும்மா விடுகிறோம் என்பதுதான் முக்கியம். அம்மா நான்கு மணிக்குச் செய்து வைத்ததை நாங்கள் பத்து மணிக்குத் தின்றோம். அந்த ஆறு மணி நேரத்தில் தக்காளிச் சாறு மெல்ல ரொட்டிக்குள் இறங்கும், பச்சை வெங்காயத்தின் காரம் தணிந்து இனிப்பாகும், மிளகாய் தன் சூட்டை மீனுக்குக் கொடுத்துவிடும். ரொட்டி சொதசொதவென்று ஆகாமல் காத்தது உள்பக்கம் தடவிய பிளாண்டா மார்ஜரின். கொழுப்புப் படலம் நீரை அவ்வளவு எளிதில் உள்ளே விடாது. அம்மா இதை எங்கும் படித்ததில்லை. ஆனால் "ஓரம் வரைக்கும் பூசு, மூலையை விட்டுடாதே" என்று அக்காவிடம் சொல்லாத நாள் இல்லை. காலியான பிளாண்டா டின் பிறகு அரிசி அளக்கும், தண்ணீர் மொள்ளும், வாசலில் துளசிச் செடியும் வளர்க்கும்.

சார்டின் டின் எல்லா நாளும் திறக்கப்படாது. சம்பளம் போட்ட வாரத்தில்தான். பெரும்பாலும் கோழிப் படம் போட்ட டின். 1892-இல் சிங்கப்பூரில் ஆல்ஃபிரெட் குளூயே என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வணிகம், மீனுக்குக் கோழியை அடையாளமாக்கி, எழுத்தறியாத பாட்டிகளும் கடையில் விரல் நீட்டிக் கேட்கும்படி செய்துவிட்டது. டின்னை மூடி நீராவி அழுத்தத்தில் வேக வைப்பதால் மீன் முள் மாவாக நசுங்கும். அம்மா ஒரு முள்ளையும் எறிந்ததில்லை, எல்லாவற்றையும் விரலாலேயே மசித்துவிடுவார். வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது. அன்று கடுகு தாளித்த உருளைக்கிழங்குப் பிரட்டல் அதே ரொட்டிக்குள் போகும். அதற்கும் எங்கள் வீட்டில் அடிதடி உண்டு.

ரொட்டி மட்டும் எங்கள் கையில் இல்லை. மாலையில் ஹார்ன் சத்தத்தோடு மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டி பாய்தான் அதற்குப் பொறுப்பு. பின்னால் கட்டிய பெட்டியைத் திறந்தால் வருகிற மணத்துக்கே லயத்துப் பிள்ளைகள் ஓடி வருவோம். "தம்பி, அம்மாவுக்கு வெட்டாத ரொட்டிதானே?" என்று கேட்டபடி எடுத்துக் கொடுப்பார். மேல்தோல் கறுத்து, உள்ளே கெட்டியாக, கையால் பிட்டால் நார் நாராக வரும் ரொட்டி அது. கோதுமை ஒரு மணிகூட விளையாத நாட்டில், கப்பலில் வந்த தானியத்தால் ஆன உணவு எங்கள் தோட்டத்து உணவாகவே ஆகிப்போனதை நினைத்தால் இன்றும் வியப்புதான்.

சிரம்பானுக்குப் போனால் வேறொரு சொர்க்கம். ஹைனானியச் சீனர் காப்பிக் கடையில் கரி அடுப்பில் வாட்டிய ரொட்டி, நடுவே குளிர்ந்த வெண்ணெய்த் துண்டு, தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் பண்டான் இலையும் சேர்த்துப் பொறுமையாகக் கிண்டிய காயா. சூடும் குளிரும் ஒரே கடியில் சந்திக்கும் அந்த இடத்தில் அப்பாகூடப் பேச்சை நிறுத்திவிடுவார்.

பிறகு மரங்கள் போயின, தாமான் என்னும் வீடமைப்புகள் வந்தன. 1992-இல் பாரோயில் துவாங்கு அப்துல் ரஹ்மான் அரங்கம் திறந்தபின், ஆட்ட நாள்களில் கோலப் பிலா சாலையில் வாகனம் நகராது. அதற்கு முன்பே, 1986-இல், கார்டேனியா மலேசியாவில் துண்டு போட்ட ரொட்டி சுடத் தொடங்கியிருந்தது. 2011-இல் மாசிமோ ரொட்டியும் வந்தது. 1928-இல் அமெரிக்காவில் ஓட்டோ ரோவெடரின் இயந்திரம் முதன்முதலாக ரொட்டியைத் துண்டு போட்டு விற்க வைத்தது. அந்த வசதி எங்கள் சமையல்கட்டுக்கு வந்து சேர இத்தனை காலம் ஆயிற்று. வேலைக்கு ஓடும் பெண்களுக்கு அது எத்தனை பெரிய விடுதலை என்பதை என் மகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவள் விடியற்காலை நான்கு மணிக்கு எழ வேண்டியதில்லை. அதில் எனக்கு முழு மகிழ்ச்சி.

ஆனால் நாள்கணக்கில் பஞ்சுபோலவே இருக்கும் ரொட்டிக்குச் சாறு தாங்கும் உடம்பு இல்லை. மரத்தடிவரை போகாது, அரை மணியில் குழைந்துவிடும். குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் மோசம். மாவுச்சத்து இறுகி, வெளியில் வைத்ததைவிட வேகமாக விறைத்துப்போகும். அதைத் திரும்ப இளக்கச் சூட்டால்தான் முடியும். அதனால்தான் பேத்திக்குச் செய்யும்போது முதலில் இரும்புக் கல்லில் இரண்டு பக்கமும் வாட்டிக்கொள்கிறேன், ஆறிய பிறகே பூசுகிறேன். அவள் நடுவில் ஒரு சீஸ் துண்டு வேண்டும் என்கிறாள். வைத்துப் பார்த்தேன், சார்டினின் புளிப்புக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. அம்மாவுக்கும் பிடித்திருக்கும் என்று தோன்றுகிறது.

எங்கள் தாமானுக்கு இப்போதும் ரொட்டி பாய் வருகிறார், பழையவரின் மகன் வயதுக்காரர். வண்டி முழுக்கத் தொங்கும் முறுக்குப் பொட்டலங்களுக்கு இடையே கியூஆர் அட்டையும் ஆடுகிறது. வெட்டாத ரொட்டி கேட்பவர்கள் குறைந்துவிட்டார்களாம். "முன்னாடியே சொல்லிட்டா எடுத்துட்டு வர்றேன், அங்கிள்" என்றார். சனிக்கிழமைக்கு இரண்டு சொல்லி வைத்திருக்கிறேன்.