ஸ்னோ அள்ளியவனுக்கு ஓய்வுநாள் குறித்த கொம்பனியாருக்கு

பெறுநர்:
கனம் பொருந்திய பழுதுநீக்கும் பகுதியார் அவர்கள்,
உடற்பயிற்சி மணிக்கூட்டுக் கொம்பனி.

மதிப்புக்குரிய ஐயா, அல்லது அம்மா, அல்லது எனக்கு இதுவரை பதில் எழுதிக்கொண்டிருக்கும் இயந்திரமே,

உங்கள் கொம்பனியின் பெயரை நான் இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. எங்கள் ஊரில் அந்தக்காலத்துப் பெண்கள் புருசனின் பெயரைச் சொல்லமாட்டார்கள். எப்போது எழும்பவேண்டும், எப்போது ஆழமாக மூச்சு இழுக்கவேண்டும், எத்தனை மணிக்குப் படுக்கவேண்டும் என்று நாள் முழுக்க எனக்குக் கட்டளை போடுகிறவரின் பெயரை நான் வாய் திறந்து சொல்வதும் முறையல்ல.

முறைப்பாட்டுக்கு வருகிறேன். மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் மேல்மாடி வீடொன்றில் குடியிருக்கிறேன். இந்த நகரத்து வீடுகளின் லட்சணம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. மாடிக்குப் போகும் படிக்கட்டை வீட்டுக்குள் வைக்காமல் வெளியே, வளைத்து நெளித்து, இரும்பில் தொங்கவிட்டிருக்கிறார்கள். யூலை மாதத்தில் சுற்றுலாக்காரர் நின்று படம் எடுப்பார்கள். மாசியில் அதே படிகளில் பனிக்கட்டியைக் கொத்தி, ஸ்னோவை வழித்து, உப்புப் போட்டு, கீழே வந்து நடைபாதைக்கு வழி வெட்டி, கடைசியாகக் காரைத் தோண்டி எடுக்கவேண்டும். ஆண்டுக்குச் சராசரியாக 2 மீற்றர் அளவில் கொட்டும் ஊர் இது. போன கிழமை இரவிரவாகக் கொட்டியதை விடியற்புறம் சவலோடு இறங்கி அள்ளி முடித்தேன். உள்ளே வந்து கோட்டைக் கழற்றியபோது பெனியனைப் பிழிந்தால் தண்ணீர் வரும். கையுறையை உருவிவிட்டு உங்கள் மணிக்கூட்டைப் பார்த்தேன். "இன்று உங்களுக்கு ஓய்வுநாள் போலிருக்கிறது. எழுந்து ஒரு சின்ன நடை போகலாமே!" என்று எழுதியிருந்தது.

ஓய்வு! இந்தக் கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையான குளிர்கால மாரடைப்புக் கணக்குகளை எடுத்து ஆராய்ந்து, 2017இல் கனேடிய மருத்துவச் சங்க இதழில் வெளியிட்டார்கள். 20 சென்றிமீற்றர் ஸ்னோ கொட்டினால் மறுநாள் மாரடைப்பால் சாகும் ஆண்களின் தொகை மூன்றிலொரு பங்களவு கூடுகிறதாம். சவல்தான் காரணம் என்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். அப்படிப்பட்ட வேலையைத்தான் உங்கள் மணிக்கூடு சாய்மனைக் கதிரையில் கிடந்ததாகப் பதிந்திருக்கிறது. நான் அன்று காரடியில் விழுந்திருந்தால், 'அன்னார் ஓய்வில் இருக்கையில் காலமானார்' என்று மரண அறிவித்தலுக்கும் நீங்களே வசனம் எழுதிக் கொடுத்திருப்பீர்கள்.

அதற்காக உங்கள் மணிக்கூடு கஞ்சத்தனமானது என்று சொல்லமாட்டேன். விருப்பப்பட்ட இடத்தில் வாரிக் கொடுக்கும். சம்பலுக்கென்று மனுசி அதைக் கட்டிக்கொண்டு திருவலையில் இருந்து தேங்காய் திருவினாள். "படகு வலிக்கிறீர்கள் போலிருக்கிறது, பதிவு செய்யவா?" என்று கேட்டது. மிருதங்கம் வாசிக்கும் மருமகன் ஓர் அரங்கேற்றத்தில் இதைக் கையில் கட்டியபடி சம்மணம் கட்டி இருந்தான். வர்ணம் முடிவதற்குள் மொன்றியலில் இருந்து பக்கத்து நகரமான லாவலுக்கு நடந்து போய்விட்டான் என்றது கணக்கு. அதே கிழமை நான் அரிசி மூட்டையும் பால் பெட்டியும் ஏற்றிய தள்ளுவண்டியோடு பெரிய கடையொன்றை முழுக்கச் சுற்றினேன். கை வண்டிப் பிடியில் ஆடாமல் இருந்த குற்றத்துக்காக ஓர் அடிகூடத் தரவில்லை.

ஏன் இப்படி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மணிக்கூட்டுக்குக் கால் தெரியாது. உள்ளேயிருக்கும் சின்ன முடுக்கமானி மூன்று திசையிலும் கையின் அசைவை அளக்கிறது. அந்த அசைவு தாளத்தோடு வந்தால் நடை என்று ஊகிக்கிறது. ஆகவே வெறுங்கையை வீசிக்கொண்டு போகிறவன் உழைப்பாளி, இரண்டு கையிலும் பாரம் தூக்குகிறவன் சோம்பேறி. தோட்டத்தில் மண்வெட்டி பிடித்த என் அப்புவுக்கு இதைக் கட்டிவிட்டிருந்தால் அவர் பிறந்ததில் இருந்தே படுக்கையில் கிடந்தவர் என்று சாதித்திருக்கும். சீனாவில் தொலைபேசியைத் தூக்கி வைத்து ஆட்டி, அடிகளை ஏற்றிக் கொடுக்கும் குட்டி ஊஞ்சல்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. உங்கள் கணக்கின் பெறுமதியை முதலில் விளங்கிக்கொண்டவர்கள் அவர்கள்தான்.

இனி, நீங்கள் எனக்கு எழுதிய பரிகாரங்கள். நிறுத்திவிட்டு மறுபடி போடுங்கள் என்றீர்கள். போட்டேன். வாரை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே இறுக்கிக் கட்டுங்கள் என்றீர்கள். கட்டினேன், இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. கண்ணாடியைத் துடை, உயரம் நிறையைத் திருத்து, எந்தக் கையால் எழுதுகிறாய் என்று சொல், தொலைபேசியோடு இருந்த உறவை அறுத்துவிட்டுத் திரும்பச் சேர் என்றீர்கள். கலியாணத் தரகர்கூட இவ்வளவு கேட்கமாட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, திறந்த வானம் தெரியும் சமதரையில் 20 நிமிடம் ஒரே சீரான வேகத்தில் நடந்து மணிக்கூட்டுக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள் என்றீர்கள்.

ஐயா, மாசி மாதத்து மொன்றியலில் சமதரை எது? பனிக்கட்டிமேல் சறுக்காமல் இருக்கப் பென்குயின்போலச் சின்னச் சின்ன எட்டாக வைக்கிறோம். அந்த நடையைப் பாடமாகப் படித்த மணிக்கூடு, சித்திரையில் நான் வீசி நடக்கும்போது என்னை ஓட்டக்காரன் என்று எழுதும். குளிருக்குப் பயந்த சனம் நிலத்துக்கடியில் நடக்கிறது. 1962இல் பிளாஸ் வில் மரி கட்டடத்தோடு தொடங்கிய சுரங்க வழிகள் இன்று 30 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டன. அங்கே உடம்புக்கு இதம், ஆனால் உங்கள் ஜிபிஎஸ்ஸுக்கு வானம் கிடையாது. மேலே வந்தாலோ உயர்ந்த கட்டடங்களில் பட்டுத் தெறிக்கும் சமிக்ஞை அதற்கு மயக்கம் கொடுக்கிறது. போன கோடையில் பழைய துறைமுகக் கரையில் நடந்தேன். வரைபடத்தைத் திறந்தால், நான் செயின்ட் லோரன்ஸ் ஆற்றின்மேல் நடந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க நண்பர் அதைப் பார்த்தபிறகு என்னோடு கொஞ்சம் மரியாதையாகக் கதைக்கிறார். அவரோடு கூடித்தான் செயின்ட் ஜோசப் பேராலயத்துக்குப் போனேன். சைவரும் போகிற இடம் அது. மொத்தம் 283 படி, நடுவே 99 மரப்படிகள் முழங்காலால் ஏறுகிறவர்களுக்கென்று விட்டிருக்கிறார்கள். முழங்காலில் ஏறுகிறவர் ஏதாவது செய்கிறார் என்பதே உங்கள் மணிக்கூட்டுக்குப் பிடிபடவில்லை. கோயில் திருவிழாவில் அங்கப்பிரதட்சணம் செய்கிறவர்களுக்கு இதைக் கட்டிவிட எனக்குத் துணிவு வரவில்லை. நித்திரை சரியில்லை, புரண்டு புரண்டு படுக்கிறார் என்று எழுதிவிடும்.

இதயத்துடிப்புக் கணக்குக்கும் உங்களிடம் பதில் இருந்தது: உடம்பைச் சூடாக்கிக்கொண்டு பாருங்கள். மணிக்கூட்டின் அடியில் பச்சை வெளிச்சம் மினுங்குகிறது. இரத்தம் பச்சையை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் உறிஞ்சும் அளவு மாறும். திரும்பிவரும் வெளிச்சத்தை அளந்து துடிப்பை எண்ணுகிறீர்கள். கெட்டித்தனம்தான். ஆனால் குளிரில் தோலுக்கடியில் இருக்கும் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். வெளிச்சம் போய்த் தட்டுகிற இடத்தில் ஆளில்லை.

2017இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 60 பேரை வைத்து 7 கருவிகளைச் சோதித்தார்கள். துடிப்புக் கணக்கில் ஆறு கருவிகள் 5 வீதப் பிழைக்குள் நின்றன. அதை மறைப்பது தர்மமில்லை. கலோரிக் கணக்கிலோ ஆகத் திறமானதே 27 வீதம் பிழை, ஆக மோசமானது 93 வீதம். பிழை யாருக்குக் கூடுகிறது என்றும் எழுதியிருந்தார்கள்: ஆண்களுக்கு, உடல் பருத்தவர்களுக்கு, தோல் கறுத்தவர்களுக்கு. செய்கிற பயிற்சி நடையாக இருந்தாலும் கூடுமாம். கலிபோர்னியாவில் இருந்துகொண்டு என்னைக் காணாமலே என் படத்தைக் கீறிவிட்டார்கள். விற்கும்போது இந்த நாலையும் பெட்டியின்மேல் போட்டிருந்தால் நான் ஏன் வாங்கப்போகிறேன்?

ஒரு நாளைக்கு 10,000 அடி என்ற வேதவாக்கையும் கொஞ்சம் பார்த்தேன். தோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு, 1965இல், ஜப்பானில் யமாசா என்ற மணிக்கூட்டுக் கொம்பனி இடுப்பில் கொழுவும் அடி எண்ணும் கருவியொன்றை விற்பனைக்கு விட்டது. அதற்கு வைத்த பெயரே பத்தாயிரம் அடிமானி. வைத்தியர் எழுதிக் கொடுத்த கணக்கல்ல, வியாபாரி வாய்க்கு வசதியாகச் சொன்ன கணக்கு. 2019இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் வயதான பெண்களை வைத்துப் பார்த்தபோது 4,400 அடி அளவிலேயே நன்மை தெரிந்தது; 7,500க்குப் பிறகு மேலதிகமாக ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த ஆய்வு வெளிவந்தபிறகும் இரவு பதினொரு மணிக்கு இன்னும் 312 அடி மிச்சம் என்று கையில் தட்டி எழுப்புகிறீர்கள். கட்டிலைச் சுற்றி நடக்கும் என்னைப் பார்த்து மனுசி விசர் பிடித்துவிட்டது என்கிறாள்.

இப்போது உங்களுக்கு இந்த ஊர்ச் சரித்திரம் ஒன்று சொல்லவேண்டும். 1976 யூலை 18, மொன்றியல் ஒலிம்பிக். அட்வாட்டர் தெருவும் செயின்ட் கத்தரின் தெருவும் சந்திக்கும் மூலையில் ஃபோரம் அரங்கு. ருமேனியாவில் இருந்து வந்த 14 வயதுப் பிள்ளை நாடியா கொமனேச்சி உயரம் மாறிய இரட்டைக் கம்பிகளில் ஆடி இறங்கினாள். நடுவர்கள் பத்துக்குப் பத்தும் கொடுத்தார்கள். புள்ளிப் பலகைக்கு 9.99க்கு மேல் காட்டத் தெரியாது; அப்படி ஒரு நாள் வராது என்று நம்பிச் செய்திருந்தார்கள். பலகையில் 1.00 என்று விழுந்தது. சனம் கொஞ்சம் முழித்தது. விசயம் விளங்கியதும் அரங்கமே எழும்பி நின்று கைதட்டியது.

அன்றைக்கு ஒருவரும் நாடியாவிடம் போய், "தங்கச்சி, கம்பியை இறுக்கிப் பிடித்தாயா? உன் உயரம் நிறை சரியாகக் கொடுத்திருக்கிறதா? ஒருக்கால் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து பார்" என்று கேட்கவில்லை. பலகைதான் பிழை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. அரை நூற்றாண்டுக்குள் எவ்வளவு முன்னேறிவிட்டோம் பாருங்கள். பலகையைக் கையிலேயே கட்டிவிட்டோம், பிழையை ஆளின் தலையில் கட்டிவிட்டோம். நீங்கள் அனுப்பிய பரிகாரப் பட்டியலில் ஒரு வரியாவது "எங்கள் கருவிக்கு இது தெரியாது" என்று சொல்கிறதா என்று தேடினேன். இல்லை. எல்லாம் நான் திருந்தவேண்டிய இடங்கள். விளம்பரத்தில் உயிர் காக்கும் கருவி, உத்தரவாதப் பத்திரத்தின் பொடி எழுத்தில் மருத்துவத் தேவைக்கானதல்ல. இரண்டுக்கும் நடுவில் காசு கட்டியவன் நான்.

ஆகவே என் கோரிக்கை இது. தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று மணிக்கூடு சொல்லட்டும். "உங்கள் கை அசையவில்லை, கால் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது" என்று எழுதினால் நான் கோபிக்கமாட்டேன். ஓய்வு என்று எழுதாதீர்கள். கலோரி எண்ணுக்குப் பக்கத்தில் பிழை வீதத்தையும் அதே பெரிய எழுத்தில் போடுங்கள். யோகாவுக்கெல்லாம் பதிவுமுறை வைத்திருக்கும் காலத்தில், பனி கொட்டும் வடக்கு நாட்டுச் சனம் கையில் எடுக்கும் சவலுக்கு ஒழுங்கான கணக்கொன்று வையுங்கள். திருவலைக்கும் ஒன்று வைத்தால் புண்ணியம். படகுக்காரரின் பட்டியலில் மனுசியின் பெயர் இருப்பது அவர்களுக்குத்தான் அவமானம்.

காசைத் திருப்பிக் கேட்பதற்கும் எனக்கு இடமிருக்கிறது. 1978இல் நிறைவேறிய கியூபெக் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, விற்ற பொருள் அதற்குரிய வேலைக்கு உதவவேண்டும் என்கிறது. 38ஆம் பிரிவு, நியாயமான காலத்துக்கு உழைக்கவேண்டும் என்கிறது. உங்கள் ஓராண்டு உத்தரவாதம் முடிந்தாலும் இந்த உத்தரவாதம் முடியாது. வேண்டுமென்றே சீக்கிரம் பழுதாகும்படி பொருள் செய்வதைத் தடுக்க 2023இல் இன்னொரு சட்டமும் கொண்டுவந்திருக்கிறார்கள். பதிலைப் பிரெஞ்சில் எழுதுங்கள், இந்த மாகாணத்தில் அது ஒழுங்கு. தமிழில் எழுதினால் மனுசியும் வாசிப்பாள்.

இந்தக் கடிதத்துக்கும் "நிறுத்திவிட்டு மறுபடி போடுங்கள்" என்று பதில் வந்தால் சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தில் சந்திப்போம். 15,000 டொலர் வரை அங்கே வழக்குப் போடலாம். வழமையில் சட்டத்தரணிகள் அங்கே ஆஜராக முடியாது, கொம்பனியில் இருந்து ஓர் ஆள்தான் நேரில் வரவேண்டும். வருகிறவர் உங்கள் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு, என் கோப்புகள் அடங்கிய பெட்டியை இரண்டு கையாலும் தூக்கியபடி, பிளாஸ் தார்ம் மெற்றோவில் இருந்து நொத்ர் தாம் தெரு நீதிமன்றம் வரை நடந்து வரட்டும். எத்தனை அடி காட்டுகிறது என்பதை நீதிபதியும் பார்க்கட்டும்.

இங்ஙனம்,
மாசி முழுக்க ஓய்வில் இருந்தவன்,
பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்.