உச்சிக்குக் கீழே இருக்கிற மலை

மோஷி, தான்சானியா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கிளிமஞ்சாரோ அடிவாரத்தில் குடியிருந்துகொண்டு உச்சியைத் தொடாதவனுக்குச் சோறு எதற்கு என்று எழுதியிருந்தீர்கள். என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். இந்த மலையில் பார்க்கவேண்டியது சரிவு. உச்சி என்பது கல்யாண வீட்டில் மொய் எழுதும் மேஜை. தலையைக் காட்டிவிட்டு வரவேண்டியதுதான், விருந்து வேறு இடத்தில். கணக்கைப் பாருங்கள். ஏறி இறங்க ஐந்தாறு நாள். அதில் 5,895 மீட்டர் உயரத்து உஹுரு முனையில் நிற்பது சில நிமிடம். நள்ளிரவில் கிளம்புவதால் கடைசி ஏற்றத்தில் பெரும்பாலும் தெரிவது முன்னால் போகிறவரின் காலணி. வேகமாக ஏறினால் தலைவலியும் வாந்தியும் வந்து திருப்பி அனுப்பிவிடும் என்பதால் வழிகாட்டிகள் ‘போலே போலே’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். சுவாஹிலியில் ‘மெல்ல மெல்ல’. சரிவைப் பார்க்காமல் போக மலையே விடுவதில்லை.

மோஷியிலிருந்து உச்சிவரை சுமார் 5,000 மீட்டர் ஏற்றம். நூறு மீட்டருக்கு அரை டிகிரிக்குச் சற்று மேல் குளிர் கூடுமாதலால், மொத்தம் முப்பது டிகிரி வித்தியாசம். அதற்கேற்பச் செடிகொடிகள் மாடி மாடியாகக் குடியிருக்கின்றன. தரைத்தளம் சாக்கா மக்களுடையது: வாழை, அதன் நிழலில் காப்பி, நடுநடுவே நம் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிற்கும் அதே சில்வர் ஓக். ஏறக்குறைய 1,800 மீட்டரில் காடு தொடங்கும். மலைக்கு வரும் மழையில் பெரும்பங்கை இதுவே வாங்கிக்கொள்கிறது. அதற்கு மேலே எரிக்கா புதர்கள். 4,000 மீட்டரை ஒட்டித்தான் வேடிக்கை. ராட்சத செனிசியோ சூரியகாந்திக் குடும்பத்துச் செடி; ஆனால் மரமாக நிமிர்ந்து நிற்கிறது. காய்ந்த இலைகளை உதிர்க்காமல் தண்டைச் சுற்றிப் போர்த்திக்கொள்கிறது. பழைய சேலையைத் தூக்கிப்போட மனம் வராத நம் பாட்டிமார் வம்சம். இருட்டினால் பச்சை இலைகளைக் குவித்துக் குருத்தை மூடிக்கொள்ளும். பக்கத்து வீட்டு லொபீலியா இலைக்கிண்ணத்தில் தண்ணீரைத் தேக்கும். இரவில் மேல்பரப்பு உறைந்தாலும் அடியில் உறையாத நீர் குருத்தைக் காக்கும். இதன் உறவுக்காரச் செடி நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு, ஆனால் அதற்கு இந்த வித்தை தேவைப்படவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் பாலை என்பது நம் பழைய கணக்கு. இங்கே பாலை குறிஞ்சியின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. மழைமேகத்தில் பெரும்பகுதி கீழேயே கொட்டித் தீர்த்துவிடுவதால், உச்சியை நெருங்க நெருங்கக் கல்லும் மண்ணும்தான்.

கொடைக்கானலிலும் கீழே வெயில், மேலே குளிர்தானே என்பீர்கள். தென்னிந்தியாவில் மிக உயரமான ஆனைமுடியே 2,695 மீட்டர். இங்கே அந்த உயரத்தில் இன்னும் காடே முடிந்திருக்காது. அப்படியானால் இமயமலை? அங்கே குளிருக்கென்று மாதங்கள் உண்டு. செடி பனிக்கடியில் உறங்கிவிட்டு எழலாம். கிளிமஞ்சாரோ நிலநடுக்கோட்டுக்கு மூன்று டிகிரி தெற்கே இருக்கிறது. பகலில் சித்திரை, இரவில் மார்கழி, இப்படியே வருஷம் முழுக்க. போர்வையை மடித்துப் பெட்டியில் வைக்கும் வசதி அந்தச் செனிசியோவுக்கு இல்லை. உயரம் மட்டும் போதாது, இந்த அன்றாட அவஸ்தையும் சேர்ந்தால்தான் இப்படிச் செடி முளைக்கும். மாடிகளுக்கு நடுவே அளவுகோல் வைத்துக் கோடு போட முடியாது என்ற ஆட்சேபத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். தெற்குச் சரிவு ஈரம், வடக்கு வறட்சி; போதாக்குறைக்கு, காட்டுத்தீ காட்டின் மேல் எல்லையைக் கீழே தள்ளுகிறது.

பனிதானே மலையின் பெருமை என்றால், அதுவும் ஆட்டம் கண்டுவிட்டது. 1848ல் ரெப்மன் என்ற பாதிரியார் பனியைப் பார்த்ததாக எழுதியபோது, நிலநடுக்கோட்டருகே பனியா என்று லண்டனிலிருந்தபடியே மறுத்தார் ஒரு புவியியல் அறிஞர். பெயர் கூலி. இந்த மலையில் ஒரு மூட்டையும் சுமந்தவரில்லை. 1912ல் இருந்த பனிப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இப்போது இல்லை. இன்னும் கொஞ்ச காலத்தில் கூலியின் பேச்சே பலித்துவிடும்போலிருக்கிறது.

ஆகவே வருவதானால் வாழைத்தோட்டத்திலிருந்து செனிசியோவரைக்கும் திட்டம் போட்டு வாருங்கள். முழங்காலுக்குத் தைலம் மறக்கவேண்டாம். உச்சியின் படம் மோஷிக் கடைகளிலேயே கிடைக்கும்.