பேருந்து முதலாளியும் மேற்கே போன தண்ணீரும்

(தொழில் நடத்திய குடும்பத்திலிருந்து சட்டமன்றம் போனவர்களைப் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மனிதரைச் சுற்றி இருந்தன: பொள்ளாச்சி நா. மகாலிங்கம். அதனால் இந்த இதழ் அவருக்கே.)

கே: முதலாளி ஒருவர் எம்.எல்.ஏ. ஆனால் லாபம் தொகுதிக்கா, கம்பெனிக்கா? (கோயம்புத்தூர்)

ப: ஆளைப் பொறுத்தது என்று சொல்லி நழுவ மாட்டேன். அவர் பதவியை விட்டு இறங்கி ஐம்பது ஆண்டு கழித்து ஊரில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். மகாலிங்கம் சட்டமன்றத்தை விட்டு வந்தது 1967-ல். அவர் பாடுபட்ட திட்டத்தின் வாய்க்காலில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. எனக்கு அதுதான் கணக்கு.

கே: சக்தி மசாலா முதலாளிதானே இவர்? (சென்னை)

ப: இல்லை. மசாலா ஈரோட்டு நிறுவனம், அது வேறு. இவருடையது சக்தி சுகர்ஸ். சமையலறைக்குள் இரண்டும் வந்துவிடுவதால் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. மகாலிங்கம் பிறந்தது 1923 மார்ச் 21, பொள்ளாச்சியில். தந்தை நாச்சிமுத்து கவுண்டர் 1931-ல் ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட்டைத் தொடங்கினார். கொங்கு நாட்டுப் பெரியவர்களிடம் ஏ.பி.டி. என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். மகன் கிண்டியில் பொறியியல் படித்துவிட்டுக் குடும்பத் தொழிலுக்கு வந்தார். முப்பது வயதைத் தொடும் முன்பே, 1952-ல், சட்டமன்றத்துக்குப் போனார். 1957, 1962 தேர்தல்களிலும் வென்றார். ராஜாஜி, காமராஜர், பக்தவத்சலம் என மூன்று முதலமைச்சர்களின் காலத்தை அவையில் இருந்து பார்த்தவர்.

கே: பஸ் ஓட்டும் குடும்பத்துக்கு அரசியல் எதற்கு? (திண்டுக்கல்)

ப: ஊர் ஊராக பஸ் விடுகிறவருக்கு எந்த ஊர்க் கிணறு வற்றியது, எந்தச் சந்தை கூடவில்லை என்பது தானாகத் தெரிந்துவிடும். வெள்ளாமை பொய்த்த வருஷம் பஸ்ஸில் கூட்டம் குறையும். ஒரு வட்டாரத்தின் நாடி அவர் கையில் இருக்கிறது. அந்த நாடியைப் பார்த்துக் கட்டணத்தை மட்டும் கணக்கிட்டால் அவர் வியாபாரி. ஊருக்கு என்ன மருந்து என்று யோசித்தால் பிரதிநிதி.

கே: பி.ஏ.பி. எனும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்கு இவர்தான் காரணம் என்கிறார்கள். எங்கள் தாத்தா வி.கே. பழனிசாமி கவுண்டர் பெயரைச் சொல்வார். எது சரி? (உடுமலைப்பேட்டை)

ப: தாத்தா சொன்னதும் சரி. ஆனைமலையில் கொட்டும் மழையில் பெரும்பகுதி மேற்கே ஓடி அரபிக்கடலில் சேர்ந்துகொண்டிருந்தது. மலைக்குக் கிழக்கே, மழை மறைவில் கிடந்த பல்லடமும் காங்கயமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தத் தண்ணீரைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்று முன்னின்று குரல் கொடுத்தவர்களில் பழனிசாமி கவுண்டருக்குப் பெரிய இடம் உண்டு. நிதியமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் அதற்குத் தோள் கொடுத்தார். தொகுதி உறுப்பினராக மகாலிங்கம் விடாமல் நின்றார். காமராஜர் ஆட்சியில் வேலை தொடங்கியது.

இதில் நான் வியப்பது இன்னொன்று. ஆறுகள் கேரளத்தையும் தொட்டு ஓடுபவை, அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒரு கல்லைக்கூட வைக்க முடியாது. இங்கே காங்கிரஸ் முதல்வர் காமராஜர், அங்கே கம்யூனிஸ்ட் முதல்வர் இ.எம்.எஸ். கொள்கையில் இரு துருவம், ஆனாலும் தண்ணீர் விஷயத்தில் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒப்பந்தம் கையெழுத்தானது 1970-ல் என்றாலும், 1958 நவம்பர் 9 முதலே அது நடைமுறையில் இருப்பதாக அதிலேயே எழுதினார்கள். மணக்கடவு வழியாகக் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கொடுக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. கேட்டு வாங்கியவர்கள் கொடுக்கவும் ஒப்புக்கொண்டார்கள். அண்டை மாநிலத்தோடு பேசுவதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

கே: காண்டூர் கால்வாய் என்கிறார்களே, காண்டூர் எந்த ஊர்? (பல்லடம்)

ப: ஊரே இல்லை! மலைச்சரிவில் ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைத்து வரைபடத்தில் போடும் கோட்டுக்குப் பொறியாளர்கள் சொல்லும் ஆங்கிலப் பெயர் அது. அந்தக் கோட்டை ஒட்டியே வெட்டியதால் கால்வாய் மலையைச் சுற்றிச் சுற்றி, உயரத்தை வீணாக்காமல் வருகிறது. சர்க்கார்பதி மின்நிலையத்திலிருந்து திருமூர்த்தி அணை வரை சுமார் 49 கிலோமீட்டர். பொறியாளரின் சொல்லை விவசாயி தன் சொல்லாக்கிக்கொண்டார். தண்ணீர் கொண்டுவந்த சொல்லை ஊர் தத்தெடுத்துக்கொள்வது இயற்கைதானே.

கே: எம்.எல்.ஏ.வாக இருக்கும்போதே சர்க்கரை ஆலை தொடங்கினாரே, அது முறையா? (ஈரோடு)

ப: கேட்க வேண்டிய கேள்வி. சக்தி சுகர்ஸ் நிறுவனம் 1961-ல் உருவானது. பவானி பக்கம் ஆப்பக்கூடலில் 1964-ல் கரும்பு அரைக்கத் தொடங்கியது. அப்போது அவர் சட்டமன்ற உறுப்பினர்தான். தொழில் நடத்தக் கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆலை உரிமம் கொடுக்கும் அதிகாரமும் அந்நாளில் டெல்லியின் கையில் இருந்தது. சுற்றுவட்டாரக் கரும்புக்கு வாசலில் ஒரு சந்தை கிடைத்தது.

ஆனால் நல்ல மனிதர் ஒருவரைக் காட்டி எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட முடியாது. அரசோடு பொருள் வழங்கும் ஒப்பந்தமோ பணி ஒப்பந்தமோ வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்க முடியாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு சொல்கிறது. வேட்பாளரின் சொத்தும் கடனும் வழக்குகளும் இன்று பிரமாணப் பத்திரத்தில் வந்தாக வேண்டும். ஓட்டுப் போடும் முன் அதை ஒருமுறை படியுங்கள். கல்யாணப் பத்திரிகையைப் படிக்கும் அக்கறையில் பாதி போதும்.

கே: அவர் குடும்பத்து பஸ்களை அரசே எடுத்துக்கொண்டதாமே? (தாராபுரம்)

ப: ஆமாம். 1972-ல் பெரிய தனியார் பேருந்து நிறுவனங்கள் அரசுடைமையாயின. கொங்கு வட்டாரத்தில் சேரன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது ஏ.பி.டி.யின் பேருந்துகளைக் கொண்டுதான். தந்தை வளர்த்த தொழில் கைவிட்டுப் போனது. மகன் முடங்கிப் போகவில்லை. சர்க்கரை, பார்சல் சர்வீஸ், சோயா என்று வேறு வழிகளில் நடந்தார். ஒரு பாதை மூடினால் மாற்றுப் பாதையில் வண்டியை விடத் தெரிந்த குடும்பம்.

கே: இப்படிப்பட்டவர்களுக்கு முன்னோடி என்று யாரைச் சொல்வீர்கள்? (சென்னை, தியாகராய நகர்)

ப: உங்கள் முகவரியிலேயே பதில் இருக்கிறது. சர் பிட்டி தியாகராய செட்டியார் நெசவுத் தொழில் நடத்தியவர், சென்னை மாநகராட்சியின் தலைவர், சட்டசபை உறுப்பினர். 1920 தேர்தலில் நீதிக்கட்சி வென்றபோது முதலமைச்சர் நாற்காலி வீடு தேடி வந்தது. வேண்டாம் என்றார், சுப்பராயலு ரெட்டியார் பதவியேற்றார். அதே ஆண்டில் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்க முடிவானது, தலைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல். அணாவை எண்ணத் தெரிந்த கை, பிள்ளையின் பசியையும் எண்ணியது.

கே: அரசியலை விட்ட பின் மகாலிங்கம் என்ன செய்தார்? (வடலூர்)

ப: உங்கள் ஊர் வள்ளலாரைப் பிடித்துக்கொண்டார். ராமலிங்கர் பணி மன்றம் நடத்தினார், 'ஓம் சக்தி' மாத இதழ் நடத்தினார், தமிழ் நூல்கள் ஆங்கிலத்தில் வரப் பொருள் கொடுத்தார். அருட்செல்வர் என்ற பெயர் அப்படி நிலைத்தது. பொள்ளாச்சியில் தந்தை பெயரில் 1957-லேயே பாலிடெக்னிக், பிறகு கோவையில் குமரகுரு கல்லூரி. 2007-ல் பத்மபூஷண். சென்னையில் ஆண்டுதோறும் வள்ளலாருக்கும் காந்திக்கும் சேர்த்து விழா எடுத்துவந்தார். 2014 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று, அந்த விழா நடந்துகொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. வயது 91.

கே: சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். அடுத்த தேர்தலில் நிற்க ஆசை. ஒரு அறிவுரை? (திருப்பூர்)

ப: முதலில் காங்கயம், வெள்ளகோவில் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். பி.ஏ.பி. பாசனத்தில் ஏறத்தாழ 3.77 லட்சம் ஏக்கர். இருக்கிற தண்ணீர் ஒரே நேரத்தில் அத்தனைக்கும் காணாது, நான்கு மண்டலமாகப் பிரித்து முறைவைத்து விடுகிறார்கள். தலைமடைக்காரருக்கு மதகு திறந்தது கண்ணில் தெரியும். கடைசியில் இருப்பவர் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து காத்திருப்பார், சில முறை போராடியும் இருக்கிறார். அவரோடு ஒரு பொழுது உட்காருங்கள். கடையை நடத்தத் தெரிந்தால் வியாபாரத்துக்குப் போதும். சட்டமன்றத்துக்குப் போக, கடைமடையும் தெரிந்திருக்க வேண்டும்.