பெட்டிக்கடையில் சிகரெட், மருந்து எங்கே?

கேள்வி: முடிச்சூர் ஆம்னி பஸ் நிலையத்தில் ராத்திரி வண்டி எடுப்பவன் நான். சிகரெட்டை விட்டால் கை நடுங்குகிறது. எனக்கு மனஉறுதி போதாதோ?
- ஓட்டுநர், முடிச்சூர்

பதில்: கண்ணாடி போடுகிறவரிடம் 'உறுதியாகப் பாருங்கள்' என்றா சொல்கிறோம்? நடுங்குவது நிக்கோட்டினுக்குப் பழகிய உடம்பு. 2 மி.கி. நிக்கோட்டின் சூயிங்கத்தை மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே தருகிறார்கள். வாரெனிக்லின், புப்ரோபியான் மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். ராத்திரியில் பஸ் ஓட்டுவதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தூக்கம் வரவழைக்கும் மாத்திரை உங்களுக்கு ஆகாது.

கேள்வி: அந்தச் சூயிங்கத்தை மென்றால் தொண்டை எரிகிறது, விக்கல் வருகிறதே?
- காய்கறி வியாபாரி, மேற்குத் தாம்பரம்

பதில்: விடாமல் மென்றிருப்பீர்கள். நாலு கடி, காரம் ஏறியதும் வெற்றிலையை ஒதுக்குவதுபோல் கன்னத்தில் ஒதுக்குங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லலாம். அரை மணி நேரம் இப்படியே. அதற்குக் கால் மணி முன்பிருந்தே டீ, காபி வேண்டாம்.

கேள்வி: இந்தச் சூயிங்கத்தை அரசாங்கம் இலவசமாகத் தரக்கூடாதா?
- ஓய்வு பெற்ற ஆசிரியை, பெருங்களத்தூர்

பதில்: தரத்தான் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே இது போன்ற நிக்கோட்டின் மாற்று மருந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம் தேசியப் பட்டியலில் அது ஏறியது 2022-ல். பட்டியல் விலைக்குத்தான் கடிவாளம் போடும், மருந்தை வீட்டுக்குக் கொண்டுவராது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ரத்த அழுத்த மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. அதை வாங்குகிறவர் கையில் சிகரெட் புகைந்தால், அந்த மாத்திரை யாரோடு மல்லுக்கட்டும்? அதே பையில் இந்தச் சூயிங்கமும் வர வேண்டும் என்று சுகாதாரத் துறைக்கு நான் எழுதப்போகிறேன். நீங்களும் எழுதுங்கள். பெட்டிக்கடையில் ஒற்றை சிகரெட் கிடைக்கிற ஊரில், விடுவதற்கான மருந்துக்கு ஏன் அலைய வேண்டும்?

கேள்வி: சிகரெட்டை விட உதவி வேண்டுமென்றால், பக்கத்தில் யாரிடம் கேட்பது?
- கல்லூரி மாணவர், வரதராஜபுரம்

பதில்: தாம்பரம் சானடோரியம். டாக்டர் சவுரி முத்து 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கிய இடம், இன்றும் நெஞ்சக மருத்துவமனை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் புகையிலை விடுவிப்பு மையம் 2002 முதல் உண்டு.

கேள்வி: என் வீட்டுக்காரர் நாலு நாள் விட்டிருந்தார். ஐந்தாம் நாள் மறுபடி பற்றவைத்துவிட்டார்.
- இல்லத்தரசி, முடிச்சூர்

பதில்: நாலு நாளா? பெரிய காரியம், முதலில் அதைச் சொல்லிப் பாராட்டுங்கள். அவர் சிகரெட் பெட்டியிலேயே 1800-11-2356 என்ற இலவச உதவி எண் இருக்கும். தமிழிலும் பேசுவார்கள். திங்கட்கிழமை அவர்களுக்கு விடுமுறை. செவ்வாய் காலை 8 மணிக்கு, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே போட்டுக் கொடுங்கள்.