தடா தடுத்ததா?

கேள்வி: மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் அமாவாசைக் கூட்டத்தைத் தீவிரவாதத் தடுப்புச் சட்டம் காக்குமா?

பதில்: சட்டம் பிடிபட்டவரைச் சிறையில் வைக்கும், குண்டைத் தடுப்பவர் வாசலில் நிற்கும் காவலர்தான். தடா என்ற தீவிரவாதத் தடுப்புச் சட்டம் 1985 முதலே அமலில் இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 இரவு, ராஜீவ் காந்தியை மாலையோடு நெருங்கிய தற்கொலைக் குண்டுதாரி தணுவை ஒரு பெண் காவலர் தடுத்தார். ராஜீவே விடச் சொன்னார். முன்னாள் பிரதமரான அவருக்கு அப்போது சிறப்புப் பாதுகாப்புப் படையும் இல்லை. அவர் இறந்த பிறகே அதற்குச் சட்டத் திருத்தம் வந்தது. அந்தக் கொலை வழக்கில் 1998இல் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1999இல் உச்ச நீதிமன்றம் தடா பொருந்தாது என்றது, 19 பேரை விடுவித்தது. அத்தனை பேருக்கும் போன ஆண்டுகள் போனவையே. மேல்மலையனூரில் அமாவாசை ஊஞ்சல் உற்சவ இரவுக்கு வேண்டியது ஒழுங்கான வரிசை, அகலமான வெளிவழி, ‘இவரை விடுங்கள்’ என்று யார் சொன்னாலும் சோதிக்காமல் விடாத காவலர்.