ஸ்டூலுக்கு ஒரு வயசு ஆகட்டும்

வாங்க கண்ணுங்களா. படி ஏறுற சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு, இன்னிக்கு மொட்டைமாடியில கண்காட்சின்னு. ஆளுக்கொரு சாமானைப் பழைய பெட்ஷீட்ல சுத்தி, ஆஸ்பத்திரியில இருந்து பச்சைக் கொழந்தையைக் கொண்டுவர்ற மாதிரி தூக்கிட்டு வர்றீங்க. அந்தத் தண்ணித் தொட்டி நிழல்ல வையிங்க. வெயில் பட்டா முறுக்கிக்கும். மரத்தைச் சொல்றேன், உங்களை இல்ல.

மொதல்லயே ஒண்ணு சொல்லிப்புடறேன். எனக்கு ஆசாரி வேலை தெரியாது. பாலக்கோட்டுப் பக்கம் ஏர் ஓட்டுன கை இது. ஆனா ஆசாரி வேலை செய்யறப்பப் பக்கத்துல குந்திக்கிட்டு, வெத்தலையை மென்னுக்கிட்டு, "காலு கோணலா இருக்கே"ன்னு சொல்ற வேலையில எனக்கு 60 வருச அனுபவம். மகன் என்னைப் பொம்மனஹள்ளிக்குக் கூட்டியாந்து நாலாவது மாடியில குடிவச்சதுல இருந்து அந்த வேலை இல்லாம வாய் துருப்புடிச்சுக் கெடந்துச்சு. நல்லவேளை, வாரத்துல அஞ்சு நாளு கம்ப்யூட்டரு, ரெண்டு நாளு இழைப்புளின்னு நீங்க வந்து சேந்தீங்க.

ஊரும் அதுக்குத் தோதான ஊருதான். 2007ல பொம்மனஹள்ளி நகரசபை, இன்னும் ஆறு நகரசபை, ஒரு டவுன் சபை, 110 கிராமம், எல்லாத்தையும் சேத்துப் பெங்களூரோட ஒட்டுனாங்க. பசை காயறதுக்குள்ள, 2025 செப்டம்பர்ல, அதே மாநகரத்தை அஞ்சா அறுத்துட்டாங்க. ஒட்டறதையும் அறுக்கறதையும் சர்க்காரே செய்யற ஊருல, நீங்க செஞ்சா மட்டும் கீழ்வீட்டு அம்மாவுக்கு ஏன் கோவம் வருதுன்னு தெரியல.

சரி, இந்தப் பலகை யாருது? உன்னுதா அப்பனே. தேக்கு ஒரு பட்டை, மா ஒரு பட்டைன்னு மாத்தி மாத்தி ஒட்டி, பவானி ஜமக்காளம் மாதிரி கோடு கோடா செஞ்சிருக்க. காய் வெட்டுற பலகையா? செஞ்சு நாலு மாசம் ஆச்சா? ஒரு வெட்டையும் காணோமே! கீறல் விழும்னு செவுத்துல மாட்டி வச்சிருந்தியா? அடப்பாவி. உங்க பாட்டி அருவாமணையில காலை மடக்கி உக்காந்து கத்தரிக்கா, பூசணிக்கா, மீனு எல்லாம் அரிஞ்சா. கத்தி நின்ன எடத்துல நின்னுச்சு, காயிதான் போயிட்டு வந்துச்சு, பலகையில ஒரு கீறல் கெடையாது. கீறல் விழுறதுக்குன்னே ஒரு பலகையைச் செஞ்சுட்டு, கீறல் விழுந்துருமேன்னு பயந்தா எப்படிடா?

அடுத்தது என்ன, டீப்பாயா. நடுவுல நீலமா ஆறு ஓடுது. ரெண்டு மாநிலமும் தண்ணிக்கு அடிச்சுக்கிட்டு ஓஞ்சுபோச்சு, நம்ம பிளாட்டுக்கு டேங்கர் தண்ணி வருது, நீ என்னடான்னா ஒரு காவிரியையே மேசைக்கு நடுவுல ஊத்தி வச்சுட்ட. அழகாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு கேட்டுக்க. மரம் செத்தாலும் மூச்சு விடும். ஈரம் வந்தா அகலத்துல ஊதும், காஞ்சா ஒடுங்கும், நீளத்துல மட்டும் அனேகமா அசையாது. அந்த அகலத்துலயும் பாரு, வளையத்தோட போக்குல ஒடுங்கறது ஏறக்குறைய ரெண்டு பங்குன்னா, நடுவுல இருந்து பட்டைக்குப் போற போக்குல ஒரு பங்குதான். பலகை வளையறது அதனாலதான். உன் எபாக்சி ஆத்துக்கு இந்த மூச்சே கெடையாது. ஒண்ணு அசையும், ஒண்ணு அசையாது. மார்ச்சு மாசக் காய்ச்சல்ல முடிச்சு வச்ச கல்யாணம் இது, மழைக்காலத்துல பஞ்சாயத்துக்கு வரும். அதுவும் இதைச் சென்னையில இருக்கிற உங்கக்கா வீட்டுக்கு அனுப்பப் போறியாமே. நாம இங்க கடலுக்கு 900 மீட்டர் மேல காஞ்ச காத்துல இருக்கோம். அங்க உப்பு டப்பாவே அழுவுது. அடியில இரும்புக் காலை அசையவிடாம முடுக்கி வச்சிருக்கியே, அந்தத் திருகாணி ஓட்டையை மரம் ஒடுங்குற திசையில கொஞ்சம் நீளமா வெட்டி விடு. அது அசையட்டும்.

வண்டிச் சக்கரம் செய்யறதைப் பாத்த ஆளு நான். நடுவுல குடம், அதுல குத்துன ஆரக்காலு, சுத்தி வட்டை. பசை ஒரு சொட்டு கெடையாது. வட்டையோட சுத்தளவைவிடத் துளி சின்னதா இரும்புப் பட்டாவை வளைச்சு, வறட்டியை அடுக்கித் தீ மூட்டி, செவக்கச் செவக்கக் காச்சுவாங்க. இரும்பு விரிஞ்சதும் நாலு பேரு இடுக்கியால தூக்கிச் சக்கரத்துல மாட்டி, கொடம் கொடமா தண்ணியை ஊத்துவாங்க. பொகை கண்ணைக் கட்டும். உள்ளார பட்டா சுருங்கி, ஒவ்வொரு ஆரக்காலையும் நெறிச்சுக் குடத்துக்குள்ள தள்ளும். மரம் முனகுற சத்தம் கேக்கும். அப்படியும் சித்திரை வெயில்ல மரம் ஒடுங்கிப் பட்டா கழண்டுக்கப் பாக்கும். என்ன செய்வோம்? சக்கரத்தைக் கழட்டி ராத்திரி பூரா ஏரியில ஊறப் போடுவோம். விடியறப்போ இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். மரம் அசையுதேன்னு அவங்க அழுவல, அந்த அசைவையே கூலியில்லா வேலைக்காரனா வச்சுக்கிட்டாங்க. இப்ப ஏரியும் இல்ல, சக்கரமும் இல்ல, அது வேற கதை.

இந்தச் செருப்பு ஸ்டாண்டு பைன் மரமா? ஹோசூர் ரோட்டுக் கம்பெனிக்குப் பின்னாடி கெடந்த பேலட்டுப் பலகையா? சும்மா கெடச்சா சந்தோசம். முத்திரையைப் பாத்தியா? பேரன் படிச்சுச் சொன்னான். "எச்.டி."ன்னு குத்தியிருந்தா சூடு காட்டுன மரம், நடு மையம் வரைக்கும் 56 டிகிரியில 30 நிமிசம் இருந்திருக்கணும்னு உலகம் பூரா ஒரே சட்டமாம். "எம்.பி."ன்னு இருந்தா பூச்சி சாக மீதைல் புரோமைடு பொகை போட்டது. அதுல செஞ்சு வீட்டுக்குள்ளாறவே கொண்டு வராதே. தொட்டில் செய்யறேன்னு கெளம்பிடவும் செய்யாதே.

அம்மணி, உன் மரக்குதிரையைக் காட்டு. நல்லா இருக்கு, காதை மட்டும் கழுதைகிட்ட கடன் வாங்கியிருக்க. ஆனா இந்தச் செவப்புப் பெயிண்டை உன் கொழந்தை நக்குமே? சன்னபட்டணம் இங்கிருந்து 60 கிலோமீட்டர் சொச்சம்தான், ஒரு நாளைக்குப் போயிட்டு வா. அங்க ஆலெ மரம்னு சொல்றது நம்ம பக்கத்து வெப்பாலை. கடைசல்ல பொம்மை சுத்துறப்பவே சாயம் சேத்த அரக்குக் குச்சியை அழுத்துவாங்க. உரசுற சூட்டுல அரக்கு உருகித் தானா பூசிக்கும். மேல தாழை ஓலையை வச்சுத் தேச்சா முகம் பாக்கலாம். பிரஷ்ஷும் இல்ல, காயற வரைக்கும் காத்துக்கெடக்கறதும் இல்ல.

உளி எத்தனை வச்சிருக்க தம்பி, எட்டா? தீட்டுற கல்லு? இன்னும் வாங்கலியா! இழுக்கறப்ப அறுக்கற ஜப்பான் ரம்பம் வந்துருச்சு, மூணு இழைப்புளி வந்துருச்சு, கல்லு மட்டும் வரல. கல்யாணத்துக்குப் பந்தலு, மேளம், ஐஸ்கிரீமு எல்லாம் சொல்லிட்டு, தாலி வாங்க மறந்த கதைதான்.

எல்லாத்தையும் பாத்தாச்சு. இப்ப நீங்க என்ன செய்யறீங்க? சுத்தி நின்னு படம் எடுத்துக்கிட்டு "சூப்பர் ப்ரோ, சூப்பர் ப்ரோ"ங்கறீங்க. ஒருத்தன் இன்னொருத்தனுக்குச் சொல்றான், அவன் இவனுக்குத் திருப்பிச் சொல்றான். மொய் எழுதற மாதிரி. 2012ல அமெரிக்கப் புரொஃபசருங்க மூணு பேரு ஆராய்ச்சி பண்ணி எழுதுனாங்களாம், தன் கையால கோத்த சாமானை மனுசன் அதோட யோக்கியதைக்கு மேல மதிக்கிறான்னு. அதுக்கு ஐக்கியா கடைப் பேரையே வச்சாங்களாம், 2022ல நாகசந்திராவுல தெறந்தாங்களே, அதே கடை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுன்னு நாங்க சும்மாவே சொல்லிட்டுத் திரிஞ்சோம், எங்களுக்கு ஒரு பட்டமும் குடுக்கல.

எங்க ஊரு ஆசாரிக்கு, இந்தக் கலப்பைக்கு இவ்வளவுன்னு கூலி கெடையாது. வருசத்துக்கு ஒரு வாட்டி, களத்துல கேவுரு குவிச்சதும் அவரு பங்கை அளந்துடுவோம். அதுக்கு வருசம் பூரா ஏரு, நுகத்தடி, வண்டி, கதவு, எது போனாலும் வந்து பாக்கணும். கணக்கைக் கவனிங்க. பத்து வாட்டி ஒடைஞ்சாலும் அதே கேவுரு, ஒரு வாட்டிகூட ஒடையலேன்னாலும் அதே கேவுரு. அப்ப அவருக்கு எது லாபம்? ஒடையாம செஞ்சுட்டுத் திண்ணையில படுத்துக்கறது. வேலமரத்தைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்ததுல பாதி திறமை, பாதி மத்தியானத் தூக்கத்து மேல இருந்த ஆசை. மழை பேஞ்ச அன்னிக்குக் கலப்பை ஒடைஞ்சுதோ, அவரு வாசல்ல போயி நின்னு ஊருக்கே கேக்குற மாதிரி கத்துவேன். ஒடையாத வருசம் யாரும் போயி "சூப்பர்"னு சொன்னதில்ல. திட்டு வரலேன்னா அதுதான் பாராட்டு.

உங்களுக்குக் கேவுரும் இல்ல, திட்டும் இல்ல. சாமான் போட்டோவுக்கு நின்னதோட வேலை முடிஞ்சுது. அமெரிக்காவுல கார்ட்டர்னு ஒருத்தரு ஜனாதிபதியா இருந்தாரே, 1981ல அவரு பதவியை விட்டுப் போறப்ப கூட வேலை பாத்தவங்க தச்சுக் கருவியாப் பாத்துப் பரிசு குடுத்தாங்களாம். மனுசன் ஊருக்குப் போயி மேசை, நாக்காலின்னு செஞ்சு, அதுலயே உக்காந்து வாழ்ந்தாரு, 100 வயசு வரைக்கும். அவருக்கு மட்டும் சுத்தி நின்னு "சூப்பர்"னு சொல்ல ஆளா இல்ல?

அதனால ஒரு ஏற்பாடு. இனி இந்த மாசம் செஞ்சதைக் கொண்டாராதீங்க, போன வருசம் செஞ்சதைக் கொண்டாங்க. மாமியார் உக்காந்தது, புள்ளைங்க ஏறிக் குதிச்சது, ரசம் கொட்டுனது, அதையெல்லாம் கொண்டாங்க. பாக்கறதுக்கு விசயம் இருக்கும்.

கேலியெல்லாம் தள்ளி வச்சுட்டு ரெண்டு பேச்சு. மூக்கை மூடாம ரம்பத்தை ஓட்டாதீங்க. மரத்தூளு புற்றுநோய் வரவைக்கிற சங்கதின்னு உலக சுகாதார நிறுவனத்துப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காரங்க 1995லயே எழுதி வச்சுட்டாங்க. தேக்குத் தூளு வாசமா இருக்குன்னு இழுத்து விடாதே. அப்புறம் ஆளிவிதை எண்ணெய் தொடச்ச துணியைச் சுருட்டி மூலையில எறியாதீங்க. அது காயறப்பச் சூடாகும், சுருட்டி வச்சா அந்தச் சூடு வெளிய போக வழியில்லாம தானே தீப்புடிக்கும். விரிச்சுக் கொடியில போடு. நாலாவது மாடியில இருந்து இறங்கி ஓடற வயசு எனக்கு இல்ல.

ஏற்பாட்டை நானே தொடங்கி வைக்கிறேன். கதவுக்குப் பின்னாடி இருக்குல்ல ஒரு ஸ்டூலு, அதைக் கொண்டா. போன தீபாவளிக்கு மொத நாளு என் பேரன் செஞ்சு, போட்டோ எடுத்து, எனக்குத் தானம் பண்ணினான். அதுக்கப்புறம் அவன் அதைத் திரும்பிப் பாக்கல. நான் தெனமும் அதுலதான் உக்காந்து கீரை ஆயறேன். டீ டம்ளர் வட்டம் பாரு, எண்ணிக்க. இந்தப் பக்கம் காலு நாக்கு துளைக்குள்ள ஆடுது பாரு. மூணு காலு போடுடா, மேடுபள்ளத்துலயும் ஆடாதுன்னு அன்னிக்கே சொன்னேன், நாலுதான் ஸ்டைலுன்னான்.

எங்கடா பேராண்டி ஓடற? வா இப்படி, நீதான் மொதல்ல உக்காரணும். இரு, காலுக்கு அடியில மடிச்சு வச்ச பிரஜாவாணிப் பேப்பரை எடுத்துக்கறேன்.