நீலம் பாரித்த சிக்கன் 65: சங்கரன்கோவில் பார்சல் கடைப் படங்கள் குறித்து ஓர் ஆய்வு

எழுத்தமைதியை வைத்துக் கல்வெட்டின் காலத்தைக் கணிப்பது மரபு. அந்த மரபைப் பார்சல் கடை பிளக்ஸ் போர்டுக்கும் நீட்டிக்க அறிஞர்கள் முன்வராததால் இக்கட்டுரையாளர் முன்வர நேர்ந்தது. சங்கரன்கோவிலில் இதற்கு இரண்டு அகச்சான்றுகள் உண்டு. முகவரியில் ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்றிருந்தால் பலகை 2019 நவம்பர் 22-க்கு முற்பட்டது. அன்றுதான் தென்காசி தனி மாவட்டமாயிற்று. (முதலாளி மனசளவில் இன்னும் திருநெல்வேலியிலேயே இருக்கக்கூடும் என்ற எதிர்வாதத்தை இங்கே அடைப்புக்குறிக்குள் அடைத்துவிடுகிறேன்.) இரண்டாவது சான்று சிக்கன் 65. அச்சு மையில் மஞ்சளும் சிவப்பும் வெயிலுக்கு முதலில் வெளிறும், நீலம் கடைசிவரை நிற்கும். ஆகவே மேற்குப் பார்த்த கடையில் சில கோடைகளைக் கண்ட சிக்கன் 65, பாம்பு தீண்டியதுபோல் நீலம் பாரித்திருக்கும். விஷக்கடிக்குப் புற்றுமண் தரும் ஊர் என்பதால் யாரும் பதறுவதில்லை.

நிறத்தைவிடப் பெரிய சிக்கல், படத்தின் ஆசிரியர் யார் என்பது. கடைக்குள் சீரகச் சம்பா தம்மில் இருக்க, வெளியே பலகையில் செப்புப் பாத்திரத்தில் நீள அரிசி, மேலே குங்குமப்பூ, ஓரத்தில் ரோஜாவாகச் செதுக்கிய தக்காளி. இதே பிரியாணி அடுத்தடுத்த ஊர்ப் பலகைகளிலும் தக்காளி மாறாமல் காணப்படுகிறது. ஏடுகளில்கூடப் பாடபேதம் உண்டு, இதில் கிடையாது. பிளக்ஸ் அடிக்கும் கடையின் கம்ப்யூட்டரில் இருப்பது ஒரே மூலப்பிரதி என்பதே காரணம். பலகையில் உள்ளதையும் பொட்டலத்தில் உள்ளதையும் ஓருருவாகக் காணத் தவம் வேண்டும். ஆடித்தபசு நடக்கும் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உலகம் இதில் நமக்கு முன்னோடி. அமெரிக்காவின் கேம்ப்பெல் நிறுவனம், விளம்பரச் சூப்புக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுக் காய்த்துண்டுகளை மேலே எழும்ப வைத்தது. 1970-ல் அந்நாட்டு வணிக ஆணையம் அதைப் பிடித்தது. நம் பார்சல் சால்னாவில் இக்குற்றம் நிகழ வாய்ப்பில்லை. கோலி போட்டாலும் மேலே வருவதற்கு அடியில் ஒன்றும் கிடையாது. 2024 ஆகஸ்டில் சொமேட்டோ, செயற்கை நுண்ணறிவு வரைந்த உணவுப் படங்களைப் போட வேண்டாமென்று உணவகங்களைக் கேட்டுக்கொண்டது. ஆக, இனிச் சொந்தச் சட்டியைத்தான் படமெடுத்தாக வேண்டும்.

எப்படி எடுப்பது? தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். கேமராவுக்கும் அவைதாம் முதல். புரோட்டா கருப்பொருள், பசி உரிப்பொருள். நம் கடைகள் மசாலா முழுவதையும் கருப்பொருளிலேயே கொட்டிவிடுகின்றன. உள்ளே டியூப் லைட்டின் வெளுப்பு, வாசல் பல்பின் மஞ்சள். இரண்டுக்கும் நடுவில் எது வெள்ளை என்று தெரியாமல் செல்போன் திணற, மட்டன் சுக்காவில் பாசி நிறம் ஏறுகிறது. பிளாஷ் போட்டாலோ நேர் ஒளியில் நிழல்கள் செத்துப் புரோட்டா அப்பளமாகிறது. ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால்தான் ஒவ்வொரு அடுக்கும் அடுத்ததன்மேல் நிழல் போடும், வீச்சு தெரியும். எதிர்ப்புறம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை நிறுத்தினால் இருட்டுப் பக்கமும் கொஞ்சம் தெளியும். இலையில் பரப்பிய பிரியாணியை நேர் மேலிருந்தும், அடுக்கிய புரோட்டாவை அதன் உயரத்துக்குக் குனிந்தும் எடுக்க வேண்டும். வாடாத வாழையிலை அவசியம். பச்சைக்குப் பக்கத்தில் வைத்தால் வறுவலின் சிவப்பு எடுப்பாகத் தெரியும்.

நிலம் சரி. பொழுதில்தான் இலக்கணம் இடறுகிறது. சாய்ந்த ஒளி கிடைப்பது எற்பாட்டில். அப்போது மாவு உருண்டைகள் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும். முதல் புரோட்டா விழுவது மாலையில், வியாபாரம் சூடு பிடிப்பது யாமத்தை ஒட்டி. கட்டுரையாளர் ஒரு கடையில் சமரசம் பேசினார்.

“அண்ணாச்சி, அரை மணி நேரம் முன்னாடி கல்லைப் பத்தவைக்க முடியுமா? படம் எடுக்கணும்.”

“படத்தையா தம்பி திங்கப் போறாங்க?”

இது மெய்ப்பொருளியல் சார்ந்த வினா, இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. இருந்தாலும் அண்ணாச்சியின் கட்சிக்கு வலுவான சான்று ஊரிலேயே இருக்கிறது: சுல்தான் பிரியாணியைத் தேடி வெளியூர்க்காரர்கள் பெயரைக் கேட்டுத்தான் வருகிறார்கள், படத்தைப் பார்த்து அல்ல. புகழ் ஏற ஏறப் படத்தின் தேவை குறையும் என்ற கருதுகோள் இதிலிருந்து பிறக்கிறது. அதை நிரூபிக்க முதலில் கடை புகழடைய வேண்டும் என்பது சிறு தடை.

எஞ்சியது சால்னா. அதன்மேல் மிதக்கும் எண்ணெய், மேலே உள்ள விளக்கை அப்படியே வெள்ளைக் கோடாகத் திருப்பிக் காட்டும். இடம் மாறி நின்று எடுத்தால் கோடு போய்விடும். பார்சல் சால்னாவின் உண்மை வடிவமோ, வாய்ப்பக்கம் நூல் சுற்றிய, வயிறு உப்பிய பிளாஸ்டிக் கவர். ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் தடை என்பதால், உள்ளதை உள்ளபடி படமெடுத்துப் பலகையில் மாட்டுவது அதிகாரிக்கு வேலையை மிச்சப்படுத்தும். எனவே தூக்குவாளியில் ஊற்றிப் படமெடுக்கப் பரிந்துரைத்தேன். அண்ணாச்சி ஆட்சேபிக்கவில்லை. படத்தின் கீழே ‘தூக்குவாளி கொண்டுவருவோருக்கு ஒரு கரண்டி கூடுதல்’ என்று போடலாம் என்றதும், ஆய்வு தொடங்கியதிலிருந்து முதன்முறையாகக் கல்லை விட்டுத் தலையைத் திருப்பினார்.

“அந்த வரியை மட்டும் அழிச்சிருங்க தம்பி.”